சொல்லாமல் கழற்றப்படும் வசதிகள்

ஷோரூமில் கொடுக்கும் பளபளப்பான புரோஷரின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வசதிகளும் விவரங்களும் முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்கு உட்பட்டவை. கார் வாங்குகிறவர்களில் அதைப் படிப்பவர் அரிது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு, சில சமயம் மாதத்துக்கு மாதம், ஒரே பெயரில் விற்கும் காரில் நடக்கிற எல்லாச் சேர்ப்பும் கழிப்பும் அந்த ஒரு வரியை நம்பித்தான் நடக்கின்றன.

மாற்றமே கூடாது என்று சொல்வதற்கில்லை. ஒரு மாடல் ஐந்தாறு ஆண்டுகள் விற்கிறது. அதற்குள் சட்டம் மாறும், உதிரிபாகம் செய்து தருகிறவர் மாறுவார், ஓட்டியவர்களின் புகாரிலிருந்து குறைகள் தெரியவரும். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, 80 கி.மீ. தாண்டினால் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமானபோது, ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்குள்ளேதான் அவை புகுத்தப்பட்டன. மலிவான கார் என்றாலே பாதுகாப்பு குறைவு என்றிருந்த நாட்டில், 2025 மார்ச்சில் ஆல்டோ கே10-க்கு எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் வந்தது. புதிய மாடல் வரட்டும் என்று காத்திருந்தால் இந்த நன்மைகள் பல ஆண்டு தள்ளிப் போயிருக்கும். நடுவில் மாற்றும் வழக்கம் உயிர் காக்கிறது. இதை ஒப்புக்கொண்ட பிறகே அதன் குறையைப் பேச வேண்டும்.

சேர்ப்பவை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வருகின்றன, எடுப்பவை பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத இடத்திலிருந்து போகின்றன. குறை இங்கே இருக்கிறது. பெரிய திரை, சன்ரூஃப், விளக்கு வரிசை ஆகியவை ஷோரூம் வாசலிலேயே தெரியும். பானெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஒலித்தடுப்பு விரிப்பு, டிக்கியின் தரைக்கு அடியில் கிடக்கும் ஸ்டெப்னி, எஞ்சினின் இழுவை ஆகியவை தெரியாது. டெலிவரி நாளில் மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சாவியோடு படம் எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தில் யார் பானெட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

ஃபோக்ஸ்வேகன் போலோவின் கதை இதற்கு நல்ல சான்று. 2018-இல் அதன் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு 1.0 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். குதிரைத்திறன் 75-இலிருந்து 76 ஆனது. விற்பனையாளர் சொல்ல இந்த ஒன்று போதும். டார்க் 110 நியூட்டன் மீட்டரிலிருந்து 95-க்கு இறங்கியது. நான்கு பேரும் சாமானும் ஏறி, ஏ.சி. போட்டு, ஏற்காடு மலையின் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது காரை மேலே இழுப்பது அந்த இரண்டாவது எண்தான். மைலேஜ் கூடியது உண்மை. அது வாங்குகிறவருக்குத் தேவையான நன்மையும்கூட. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்பதை அவரே கணக்குப் போட இரண்டு எண்களும் சம அளவில் அவர் முன் வைக்கப்பட வேண்டும்.

2023-இல் மாருதி பிரெஸ்ஸாவின் மானுவல் பெட்ரோல் வேரியன்ட்களிலிருந்து, எஞ்சினுக்குச் சிறு மின்மோட்டார் துணைசெய்யும் மைல்டு ஹைப்ரிட் அமைப்பு எடுக்கப்பட்டது. லிட்டருக்கு 20 கி.மீ. அளவில் இருந்த அதிகாரபூர்வ மைலேஜ் 17.38-க்கு வந்தது. பெயரும் உருவமும் மாறவில்லை. பிறகு அது மேல் வேரியன்ட்களுக்கு மட்டும் திரும்பி வந்தது. பழைய கார் சந்தையில் இந்த மூன்றும் ஒரே பிரெஸ்ஸாதான். எந்த மாதத்து வண்டி என்று தெரிந்தவர் தப்பிப்பார், தெரியாதவர் இல்லாத ஹைப்ரிட்டுக்கும் சேர்த்து விலை கொடுப்பார்.

2024-இன் புதிய ஸ்விஃப்ட்டை இந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனமில்லை. நான்கு சிலிண்டர் மூன்றானது, 90 குதிரைத்திறன் 82 ஆனது. பதிலுக்கு மைலேஜ் 22.38-இலிருந்து 24.80 ஆனது, எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக் வந்தது. நான்கு சிலிண்டரின் வழவழப்பை விரும்புகிறவர்களுக்கு இது இழப்புதான். ஆனாலும் புதிய தலைமுறை என்று அறிவித்து, பத்திரிகைகளும் ஓட்டிப் பார்த்து எழுதிய பிறகு நடந்த மாற்றம் இது. இதில் ஒளிவுமறைவு இல்லை.

ஸ்டெப்னியின் கதை கொஞ்சம் சிக்கலானது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் உபரிச் சக்கரம் தேவையில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதி 2020-இல் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இடம் மிச்சமாகும், மின்சாரக் காரில் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பது காரணம். காரணம் தவறில்லை. ஆனால் அந்தக் கிட் எதுவரை உதவும்? டயரின் தரை தொடும் பாகத்தில் ஆணி ஏறினால், பாட்டிலில் உள்ள பசையை உள்ளே செலுத்தி, கூட வரும் சிறு கம்ப்ரசரை 12 வோல்ட் சாக்கெட்டில் செருகிக் காற்றடித்து, பஞ்சர் கடை வரை மெதுவாகப் போகலாம். பள்ளத்தின் விளிம்பில் இடித்துப் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பாட்டிலால் ஒரு பயனும் இல்லை. பசைக்குக் காலாவதித் தேதியும் உண்டு. இரவு பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் டயர் கிழிந்து நிற்கிறவருக்கு டிக்கியில் கூடுதலாகக் கிடைத்த இடம் எந்த ஆறுதலும் தராது.

இதையே நேர்மையாகவும் செய்யலாம் என்று காட்டியது மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட். பின்கதவில் தொங்கும் சக்கரம்தான் அந்தக் காரின் அடையாளம். 2021 மார்ச்சில் அந்தச் சக்கரம் இல்லாமல், கிட்டோடு, எஸ்.இ. என்ற தனி வேரியன்ட்டை விட்டார்கள். சக்கரம் வேண்டுமென்றவர் மற்றதை வாங்கினார். டாடா அல்ட்ராஸ் இன்னொரு வழி காட்டியது. 2023-இல் வந்த அதன் சி.என்.ஜி. வகையில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் 30 லிட்டர் சிலிண்டர் இரண்டை டிக்கித் தரைக்கு அடியில் படுக்கவைத்து, ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் மாட்டினார்கள். அங்கே வடிவமைப்பாளர் மெனக்கெட்டிருக்கிறார்.

2021-இல் சிப் தட்டுப்பாடு உலகத்தையே உலுக்கியபோது பி.எம்.டபிள்யூ. சில மாடல்களில் தொடுதிரை வசதியை நீக்கியது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு அதற்காக 500 டாலர் கழித்துக் கொடுத்தது. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதுக் கார் ஒவ்வொன்றின் ஜன்னலிலும் அந்தக் குறிப்பிட்ட வண்டியின் வசதிகளும் விலையும் எழுதிய தாள் ஒட்டியிருக்க வேண்டும். நம் ஷோரூமில் நிற்கும் காரில் அப்படி ஒரு தாளைக் காண முடிவதில்லை.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. டெஸ்லா 2022 அக்டோபரில் அல்ட்ராசோனிக் சென்சார்களை எடுத்தபோது, தானாகப் பார்க்கிங் செய்யும் வசதி அந்தக் கார்களில் அப்போதைக்கு இல்லாமல் போனது. பிறகு மென்பொருளில் வரும் என்றார்கள். வரப்போகும் வசதிக்கு இன்றே முழு விலை வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எடுத்ததைத் திருப்பிக் கொடுத்த உதாரணங்களும் உண்டு. 2014 ஹோண்டா சிட்டியில் ஏ.சி.க்குத் தொடு பலகை வைத்தார்கள். 2020-இல் வந்த அடுத்த சிட்டியில் திருகும் குமிழ்கள் திரும்பி வந்தன. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் தடவித் திருக முடிகிற குமிழ் அது. இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத கார்கள் 2026 முதல் தன் மதிப்பீட்டில் புள்ளி இழக்கும் என்று, ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்காப் அமைப்பு முடிவு செய்திருக்கிறது.

இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. புக்கிங் போட்ட மாதத்தில் இருந்த வசதி டெலிவரி மாதத்தில் இல்லையென்றால், அதை எழுத்தில் சொல்லி, விலையைக் குறைப்பதா முன்பணத்தைத் திருப்புவதா என்று கேட்பது நிறுவனத்தின் கடமை என்பேன். விவரம் தங்களிடம் இல்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. உதிரிபாகக் கடையில் மாடலும் ஆண்டும் சொன்னால் போதாது, சேசிஸ் நம்பர் கேட்பார்கள். எந்த எண்ணிலிருந்து எந்தப் பாகம் மாறியது என்ற கணக்கு நிறுவனத்திடம் வரிசையாக இருப்பதால்தான் அப்படிக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் வாங்குகிறவரைத் தொடும் வரிகளை மட்டும் தேதியோடு புரோஷரில் அச்சிட ஒரு பக்கம் போதும்.