சொல் நீங்கிய பாட்டு: பாபநாசம் சிவனின் உருப்படிகளும் சில ஒலிப்பதிவுகளும்

தமிழிசை பற்றிய விவாதங்களில் எல்லாம் 'சாகித்தியம்' என்ற ஒன்றே முதன்மை பெற்று வந்துள்ளது. 1941 ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எழுந்த குரலும், 1943 இற் சென்னையில் அமைந்த தமிழ் இசைச் சங்கமும், மேடையிற் பாடப்படும் சொல் தமிழாக இருத்தல் வேண்டும் என்பதையே வற்புறுத்தின. அக்கோரிக்கை நியாயமானது, அதன் சமூகப் பின்னணி பற்றி நமது ஆய்வாளர்கள் போதிய அளவு எழுதியுமுள்ளனர். ஆனால், யாழ்ப்பாணத்துச் சாதாரண மனிதன் தலைமுறை தலைமுறையாக இசையைக் கேட்டது சபா மண்டபத்தில் அன்று. கோயில் வீதியில், நாகசுரத்தின் வழியே. நாகசுரத்துக்கு நாவில்லை. அதனைத் தமிழிற் பாடு என்றோ தெலுங்கிற் பாடு என்றோ யாரும் ஆணையிட முடியாது. அவ்வாறாயின் நாகசுரத்தில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டில் தமிழ் எங்கே இருக்கிறது?

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழவில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவில், வெளிவீதி மணலில் உட்கார்ந்திருந்த ஓர் இரவில் எழுந்தது. குறிகட்டுவானிலிருந்து கடைசி வள்ளத்தில் வந்திறங்கியவர்களும், நெடுந்தீவிலிருந்து காலையிலேயே வந்து மடத்தில் தங்கியவர்களுமாகக் கூட்டம் நிறைந்திருந்தது. மல்லாரி முடிந்தது. (மல்லாரி சாகித்தியமே இல்லாத உருப்படி என்பதை மறத்தலாகாது, நாகசுரம் தனக்கென்று வைத்துக்கொண்ட சொல்லற்ற செல்வம் அது.) பின்னர் இராக ஆலாபனை நெடுநேரம் நடந்தது. தவிற்காரர்கள் தங்கள் வித்துவத்தைக் காட்டிச் சமாவைச் சூடாக்கினர். சாமம் கடந்த பின், கூட்டம் சற்றுக் கலைந்து, உண்மையான இரசிகர்கள் மட்டும் எஞ்சியிருந்த வேளையில், நாகசுரகாரர் காபியைத் தொட்டு 'என்ன தவம் செய்தனை' வாசிக்கத் தொடங்கினார்.

எனக்கு முன்னால் நெடுந்தீவு ஆச்சி ஒருவர் இருந்தார். பல்லவி இரண்டாம் முறை வந்தபோது அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். நாகசுரம் சங்கதி போட்டு நீண்டபோது அவர் மௌனமானார். பல்லவியின் எடுப்புக்கு அது திரும்பி வந்தபோதெல்லாம் மெதுவாகச் சொல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். 'யசோதா' என்று விளிக்கும் இடத்தை வித்துவான் நான்கைந்து விதமாக வாசித்தார். அருகில், கனடாவிலிருந்து வந்திருந்த பேரப் பிள்ளை, "அம்மம்மா, இது என்ன பாட்டு?" என்று கேட்டான். "உது யசோதையைக் கேக்கிற பாட்டடா, கண்ணனைப் பெற்றெடுக்காமல் வளத்தவளை" என்றார் ஆச்சி. "நல்ல ரியூன்" என்றான் பையன். இருவரும் உண்மையையே கூறினர். எனினும் அவர்கள் கேட்டது ஒரே பாட்டையா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

காபி நாகசுரத்துக்கு இலகுவான இராகமன்று. கரகரப்பிரியாவின் சேயாகிய அது, அந்தர காந்தாரத்தையும் காகலி நிஷாதத்தையும் அந்நிய சுரங்களாக ஏற்றுக்கொள்வது. ஏழு விரற்றுளைகளை மட்டுமே கொண்ட கருவியில், துளையை அரைகுறையாக மூடியும், சீவாளியில் உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வலிமையையும் மாற்றியுமே இவ்வகைச் சுரபேதங்களைப் பிறப்பிக்க வேண்டும். குரலிற் பாடுபவருக்குச் சொல் ஒரு கைப்பிடி. மெய்யெழுத்து வந்ததும் சுரம் தானாகவே வெட்டுப்படும். நாகசுரகாரருக்கு அந்த வெட்டைத் துத்துகாரத்தால் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, சாகித்தியத்தை அறிந்த வித்துவானின் வாசிப்பில் சொல்லின் எல்லைகள் தெரியும். சுரத்தை மட்டும் பாடம் பண்ணியவரின் வாசிப்பில் அவை தெரியா. இதை எந்தச் சாதாரண இரசிகனும் உணரலாம். சொல் நீங்கிய பின்னும் சொல்லின் எலும்புக்கூடு பாட்டினுள் இருக்கிறது.

இதற்கு நெருங்கிய ஒப்புமை அமெரிக்க ஜாஸ் இசையிற் கிடைக்கிறது. ஜோர்ஜ் கேர்ஷ்வின் (1898–1937) போன்றோர் நியூயோர்க் நாடக மேடைக்காக எழுதிய பாடல்களைக் கறுப்பின இசைஞர்கள் சக்சபோனிலும் ட்ரம்பெட்டிலும் எடுத்து வாசித்துப் பேரிலக்கியமாக உயர்த்தினர். 1939 இல் கோல்மன் ஹோக்கின்ஸ் சக்சபோனில் ஒலிப்பதிவு செய்த 'பொடி அன்ட் சோல்' (இது ஜொனி கிறீன் மெட்டமைத்தது) தொடக்கத்தின் சில அடிகளோடு மூல மெட்டைக் கைவிட்டு, அதன் சுருதிக்கோவைச் சட்டகத்தின் மீது முற்றிலும் புதிய கட்டடத்தை எழுப்புகிறது. மைல்ஸ் டேவிஸ், கில் எவன்ஸ் என்பாருடன் 1958 இற் பதிவு செய்த 'போர்கி அன்ட் பெஸ்' தொகுதியிலோ கேர்ஷ்வினின் மெட்டு நெடுந்தூரத்துக்கு அடையாளம் காணத்தக்கதாகவே இருக்கிறது. இவ்விரண்டில் எனக்கு உவப்பானது பின்னையது. ஆயினும் வியப்புக்குரியது முன்னையதே. லெஸ்ரர் யங் என்ற சக்சபோன் கலைஞர், ஒரு பாட்டை வாசிப்பவனுக்கு அதன் சொற்கள் தெரிந்திருத்தல் வேண்டும் என்ற கருத்துடையவராயிருந்தார். நமது பழைய நாகசுர வித்துவான்கள் எவரும் இதனை மறுத்திருக்க மாட்டார்.

ஒப்புமையை மேலும் இழுத்தல் தகாது. ஹோக்கின்ஸின் வாசிப்பிற் கேட்பவன் சொற்களை வைப்பதற்கு ஓர் ஆசனமும் இல்லை. நாகசுரமோ எவ்வளவு தூரம் சென்றாலும் பல்லவிக்குத் திரும்புகிறது. அங்கே ஆச்சியின் சொல்லுக்கு இடம் வைத்திருக்கிறது.

பாபநாசம் சிவன் (1890–1973) இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமானவராவது அவருடைய இரட்டை வாழ்க்கையாலாகும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் மார்கழிப் பசனையில் வீதிவீதியாகப் பாடிய அவரே, 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) முதலிய படங்களுக்குப் பாட்டெழுதினார். 'தமிழ்த் தியாகராஜர்' என்று அவரைப் போற்றியவர்கள் இப்பகுதியைச் சற்று ஒதுக்கியே பேசுவர். அது தேவையற்ற நாணம். 'ஹரிதாஸ்' படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் பாடிய 'மன்மத லீலையை' சாருகேசியை ஊர்தோறும் கொண்டுசென்றது. அதன் இசையில் ஜி. ராமநாதனின் பங்கும் உண்டு. பூர்வாங்கத்திற் சங்கராபரணத்தையும் உத்தராங்கத்தில் தோடியையும் நினைவூட்டும் அவ்விராகத்தின் இரட்டை முகத்தை, மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடந்தராத இசைத்தட்டிற் பாகவதர் காட்டிவிடுகிறார். அவருடைய பாடலில் மனோதர்மத்துக்கு இடமில்லை என்பார் தட்டின் அளவை நினைப்பதில்லை.

எனது முதல் தெரிவு, எனினும், மதுரை மணி ஐயரே (1912–1968). சபாக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு 'துக்கடா' என்ற பெயரில் கடைசியில், இரசிகர்கள் செருப்பைத் தேடும் வேளையில், தள்ளப்பட்டிருந்தது. மணி ஐயர் வராளியில் 'கா வா வா'வை எடுத்துக்கொண்டு அதன்மீது சுரங்களைப் பொழியும்போது துக்கடா என்ற சொல்லே பொருளற்றுப் போகிறது. தமிழிசைத் தீர்மானங்கள் பல செய்யாததை அந்த ஒலிநாடா செய்கிறது என்பேன். வராளியின் சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பவை. அந்நெருக்கடியில் ஒரு தவிப்பு உண்டு. சிவனோ அதன்மேல் வைத்த சொற்கள் 'கா', 'வா' என்னும் நெடில்கள். வாயைத் திறந்தபடி நிற்கும் சொற்கள். குழந்தையும் விளங்கிக்கொள்ளும் அவற்றை வித்துவானும் தாண்ட முடியாது. நாகசுரத்துக்குச் சொல் இல்லை என்றேன். இப்பாட்டிற் சொல்லே நாகசுரமாகிவிடுகிறது. அவ்வாறே 'காணக் கண் கோடி வேண்டும்' என்ற காம்போதிக் கீர்த்தனையும் அவர் குரலிற் கேட்கத்தக்கது. கபாலியின் திருவுலாவைக் காண்பதற்கு இரண்டு கண்கள் போதா என்னும் அப்பாட்டை, வாழ்நாளின் பெரும்பகுதியும் பார்வைக் குறையுடன் வாழ்ந்த ஒருவர் பாடுகிறார். அதை அறிந்து கேட்பதும் அறியாமற் கேட்பதும் ஒன்றல்ல. இசையை இசையாக மட்டுமே கேட்க வேண்டும் என்ற தூய்மைவாதிகளுடன் இவ்விடத்தில் நான் உடன்படேன்.

டி. கே. பட்டம்மாளும் டி. கே. ஜெயராமனும் சிவனிடமே நேரிற் பாடம் கேட்டவர்கள். பாடபேதம் பற்றிய ஐயம் எழுந்தால் அவர்களுடைய பதிவுகளையே நாடவேண்டும். அவற்றில் ஒழுங்கு உண்டு, நம்பகம் உண்டு, எனக்கு வியப்பு மட்டும் இல்லை. மகாராஜபுரம் சந்தானம் நமக்கு இன்னும் அண்மையர். 1960களின் முற்பகுதியில், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த மருதனார்மடம் இராமநாதன் இசைக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். அவருடைய கல்யாணி 'உன்னையல்லால்' கேட்பவரை அணைத்துக்கொள்ளும் தன்மையது. சிவனின் பாட்டுகள் ஈழத்து ஆசிரியர்களின் நாவில் ஏறியதில் அக்கல்லூரிக்குப் பங்குண்டு.

இக்கொடியின் ஈழத்துக் கிளை இணுவில் ந. வீரமணி ஐயர் (1931–2003). கலாக்ஷேத்திரத்தில் நடனமும் சிவனிடம் இசையும் பயின்ற அவர், மயிலைக் கற்பகாம்பாள் மீது எழுதிய 'கற்பகவல்லி' ரி. எம். சௌந்தரராஜன் குரலில் இசைத்தட்டாகியது. ஆனந்தபைரவியில் எழுந்து கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என மாறும் அவ்விராகமாலிகையில் இராகப் பெயர்கள் சொல்லோடு சொல்லாகச் சரணங்களுள் இழைந்துள்ளன. தீவுப்பகுதிக் கோயில்களின் ஒலிபெருக்கிகளில் அதிகாலையில் இதனைக் கேட்டு வளர்ந்தோரிற் பலர் இது தமிழ்நாட்டுப் பாட்டென்றே நினைத்திருப்பர். இதில் வரும் 'நாகேஸ்வரி' என்ற விளி நயினாதீவானுக்கு மயிலாப்பூர்த் தேவியைக் குறிக்கவில்லை. தன் வீட்டுக்கு எதிரே கொலுவிருப்பவளையே குறிக்கிறது. பாட்டெழுதியவர் நினையாத பொருளைக் கேட்பவர் அதற்குள் வைத்துவிடுகிறார். நாகசுரத்தில் இப்பாட்டை வாசிப்போர் இராகம் மாறும் இடங்களில் அவசரப்படுகின்றனர் என்பது எனது முறைப்பாடு. இராகத்தின் பெயரே சொல்லாக அங்கே வருகிறது என்பதை அறிந்தவர் அவ்விடத்தைக் கடந்து ஓடமாட்டார்.

இனி ஆச்சியிடம் திரும்புவோம். அவருடைய உதட்டசைவு தனிமனித நினைவன்று. இலங்கை வானொலியும், கலியாண வீட்டுக் கிராமபோனும், கோயில் ஒலிபெருக்கியும், பள்ளிக்கூடத்துப் பாட்டு ரீச்சரும் சேர்ந்து ஒரு சமூகத்துக்கு அளித்த பொதுச்சொத்து அது. வித்துவான் சொல்லை விட்டு வாசிக்கும் துணிவு, கேட்போரிடம் சொல் உண்டு என்ற நம்பிக்கையிலிருந்தே பிறந்தது. 1990 ஆம் ஆண்டிலிருந்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களின் மக்கள் கூட்டங் கூட்டமாகப் பெயர்ந்தபோது அந்நம்பிக்கையின் அடித்தளமும் சிதறிற்று. ரொறன்ரோவிலும் பாரிசிலும் அரங்கேற்றங்கள் நிகழ்கின்றன. 'என்ன தவம்' அங்கும் பாடப்படுகிறது. பிள்ளைகள் சொற்களை ஆங்கில எழுத்திற் குறித்துவைத்துப் பிழையின்றிப் பாடுகின்றனர். அவர்களைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. பாடத் தெரிந்திருப்பது வேறு, வாசிக்கக் கேட்டதும் சொல் தானாக எழுவது வேறு என்பதையே குறிப்பிடுகிறேன்.

மறுநாட் காலை இறங்குதுறையில் அந்த நாகசுர வித்துவானைக் கண்டேன். உறையிலிட்ட வாத்தியத்தை மடியில் வைத்தபடி வள்ளத்துக்குக் காத்திருந்தார். "ஐயா, சாகித்தியம் பாடமோ?" என்று கேட்டேன். "அப்பு முதலிற் பாடிக் காட்டுவார் தம்பி. வாயாற் பாடாமற் குழலைத் தொட விடமாட்டார்" என்றார். அருகில் நின்ற அவருடைய மாணவனைப் பார்த்தேன், பதினாறு வயதிருக்கும். "இவருக்கு?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இவருக்குப் போனில ஒலிப்பதிவு இருக்கு. கேட்டு வாசிப்பார். கெட்டிக்காரன்" என்றார். எந்த ஒலிப்பதிவு என்று மாணவனைக் கேட்டேன். இன்னொரு நாகசுரகாரரின் வாசிப்பு என்றான். மதுரை மணி ஐயரின் பெயரை ஒரு துண்டிற் குறித்துக் கொடுத்தேன். அதற்குள் வள்ளம் வந்துவிட்டது.