இடுப்புயர ராம்ப்

நைனார்பாளையத்தில் வண்டி வேலை என்றால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான். செயினைத் துடைத்து எழுவதற்குள் முட்டி பேச ஆரம்பித்துவிடும்.

வீட்டுக் கொட்டகைக்கு, பைக்கை மேசையோடு இடுப்புயரத்துக்குத் தூக்கும் ராம்ப் வாங்கும்போது காற்றழுத்தத்தில் ஏறுவது வேண்டாம் என்றேன். அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸருக்குக் கரண்ட் வேண்டும். காலால் மிதிக்கும் ஹைட்ராலிக் போதும். 200 கிலோவை நெருங்கும் புல்லட்கூட, மிதிக்க மிதிக்க விரற்கடை விரற்கடையாக எழும். சின்ன பிஸ்டன் நெடுந்தூரம் போனால் பெரிய பிஸ்டன் துளி நகரும், ஆனால் பாரத்தைத் தூக்கிவிடும்; பாஸ்கல் சொன்ன கணக்கு.

மேசை ஏறியதும் பூட்டுக்கம்பியைச் செருக வேண்டும். சீல் கசிந்தால் மேசை தானாக இறங்கும், எண்ணெயை நம்பி அடியில் கையை விடக் கூடாது. பின்சக்கரத்தைக் கழற்றினால் பாரம் இடம் மாறும். முன்சக்கரக் கவ்வியோடு இரண்டு பக்கமும் பெல்ட் தேவை. ஒரு பெல்ட்டோடு நிறுத்தி நான் ஓர் இண்டிகேட்டரைப் பலி கொடுத்தேன்.

இப்போது முக்காலியில் உட்கார்ந்தால் ஸ்ப்ராக்கெட் கண்ணுக்கு நேரே. தேய்ந்த பல் கொக்கி மாதிரி வளைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார்:

“என்ன தம்பி, வண்டிய மணவறையில ஏத்திட்ட?”