ஓவியமும் ஒழுங்கு நடவடிக்கையும்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருவுருவை வரையலாகாது என்பது நம்மிற் பெரும்பாலோர் உள்ளத்தில் ஊறிய கொள்கை. ஆயினும், கி.பி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தப்ரீஸ் நகரில் அமைச்சர் ரஷீதுத்தீன் தொகுத்த 'ஜாமிஉத் தவாரீக்' என்னும் வரலாற்றுப் பெருநூலின் ஏட்டில், ஜிப்ரீல் (அலை) வாயிலாக வஹீ அருளப்படும் காட்சி ஓவியமாய் இடம்பெற்றதும் வரலாறே. வரைவித்தவர் முஸ்லிம்; இகழும் நோக்கம் அதில் எள்ளளவும் இல்லை.

2022 அக்டோபரில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஹாம்லின் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவர், இணையவழி வகுப்பில் அவ்வோவியத்தைக் காட்டினார். பாடத்திட்டத்திலேயே முன்னறிவித்திருந்தார், காட்டுமுன்னும் எச்சரித்து, காண விரும்பாதோர் விலக அவகாசம் தந்தார். மாணவி ஒருவர் முறையிட்டார். நிருவாகமோ அச்செயலை இஸ்லாமிய வெறுப்பு என முத்திரையிட்டது. ஆசிரியைக்கு அடுத்த பருவத்துப் பணி கிட்டவில்லை.

மாணவியின் மனவேதனை மெய்யானது. அதனை எள்ளுதல் தகாது. ஆனால், வேதனை வேறு, குற்றம் வேறு. ஆய்வையும் நிந்தனையையும் ஒரே துலாக்கோலில் இட்டால், மெய்யான நிந்தனையை எதிர்க்கும் நம் சொல்லும் எடையிழக்கும். இதனை உணர்ந்தே, அமெரிக்க முஸ்லிம்களின் பொது விவகார அவை 2023 ஜனவரியில் ஆசிரியையின் பக்கம் நின்றது. பல்கலைக்கழகமும் அம்மாதமே தன் சொல் பிழையென ஒப்பியது.

ஆசிரியரைத் தண்டிக்குமுன் வினவ வேண்டுவன மூன்று: நோக்கம் யாது? முன்னறிவிப்பு உண்டா? விலகும் வழி இருந்ததா? மூன்றுக்கும் விடை செவ்விதாயின், வேண்டுவது உரையாடலே, தண்டனை அன்று. முஸ்லிம் முன்னோர் விட்டுச்சென்ற ஏட்டை, நம் பெயரால் பிறர் மூடிவைப்பது நமக்குச் செய்யும் மரியாதை ஆகாது.