மேற்கோளும் மதிப்பீடும்: சம்புநாத் தேயின் ஆய்வுக் கட்டுரைகள்

தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. நச்சினார்க்கினியர் தம் உரையில் எடுத்தாண்ட பாடல்களாலும், புறத்திரட்டுத் தொகுத்து வைத்த பாடல்களாலுமே அப்படியொரு நூல் இருந்ததென்பதைத் தமிழுலகம் அறிகின்றது. குண்டலகேசியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. தமிழ் மரபில் மேற்கோள் என்பது வெறும் அணியன்று. ஒரு நூலுக்கு மற்றொரு நூல் கூறும் சான்று. ஆயினும், ஒரு புலவரைப் பிறர் எத்தனை இடங்களில் எடுத்துக்காட்டினர் என்று எண்ணி, அவ்வெண்ணிக்கையைக் கொண்டே அவருக்குப் புலவர் வரிசையில் இடம் வகுத்த உரையாசிரியர் எவரும் இலர்.

அந்தப் பணியை இருபதாம் நூற்றாண்டின் அறிவியலுலகம் மேற்கொண்டது. அமெரிக்காவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்னர் வந்த எந்தெந்தக் கட்டுரைகள் எடுத்தாண்டன என்பதை அடைவாகத் தொகுத்தால், அக்கட்டுரையின் வழித்தோன்றல்களை எளிதிற் கண்டுகொள்ளலாம் என்பதே அது. பிழையான செய்தியை எவரேனும் மறுத்திருந்தால், அம்மறுப்பும் படிப்பவர் கண்ணிற் படும் என்றும் அவர் எண்ணினார். 1960களில் அவ்வடைவு வெளிவரத் தொடங்கியது. தேடுவார்க்கு வழிகாட்டப் பிறந்த அக்கருவி, விரைவில் அளவுகோலாக மாறிற்று. 1970களில் இதழ்களைத் தரம் பிரிக்க அதனைக் கொண்டனர். 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் என்பார், ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் உழைப்பை ஒற்றை எண்ணில் அடக்கும் முறையொன்றை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை எடுத்தாளப்பட்டிருந்தால் அவருடைய எண் 20 ஆகும். பதவி உயர்வும் ஆய்வு நிதியும் வழங்குவோர் இவ்வெண்ணை விரும்பினர். கட்டுரையைப் படிக்கும் உழைப்பை இது மிச்சப்படுத்துகிறதன்றோ!

இவ்வளவுகோலின் நேர்மையைச் சோதித்தறிய ஓர் ஆய்வாளரின் எழுத்துகள் மிகப் பொருத்தமானவை. அவர் கல்கத்தாவில் நோய்க்கூற்றியல் பேராசிரியராய் இருந்த சம்புநாத் தே. 1915இல் வங்காளத்தின் ஊக்ளி மாவட்டத்திற் பிறந்தவர். இலண்டனில் சர் ராய் கேமரனிடம் பயின்று 1949இல் முனைவர் பட்டம் பெற்றவர். தாயகம் திரும்பியபின், கல்கத்தாவை ஆண்டுதோறும் வாட்டிய காலராவையே ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டார். பெரிய ஆய்வுக் கூடமோ, உதவியாளர் படையோ அவருக்கு வாய்க்கவில்லை. கற்பிக்கும் கடமைக்கிடையே நடந்த ஆய்வு அது.

காலராக் கிருமியை 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்த ராபர்ட் கோக், அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சினை உண்டாக்குகிறதெனக் கருதினார். அந்நஞ்சினைக் காட்டுவதற்கு அறிஞர்கள் முக்கால் நூற்றாண்டு முயன்றும் இயலவில்லை. கிருமி அழிந்து சிதையும்போது அதன் உடலினின்று வெளிப்படுவதே அந்நஞ்சு என்று பெரும்பாலோர் நம்பினர். அதனை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர். நோயோ குடலில் நிகழ்வது. குடலில் நிகழ்வதைக் குடலிலேயே பார்க்கவேண்டும் என்ற எளிய உண்மை, பலருடைய கண்ணுக்குத் தப்பிவிட்டது.

தே அவர்கள் 1953இல் சட்டர்ஜி என்பாருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை இவ்வெளிய உண்மையினின்றே தொடங்குகின்றது. முயலை மயக்கி, அதன் சிறுகுடலின் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, இடையில் காலராக் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது அக்குடற்பகுதி நீர் நிறைந்து புடைத்திருந்தது. கிருமி செலுத்தப்படாத பகுதியோ வெறுமையாய்க் கிடந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டப்படவில்லை. 1956இல் இதே முறையைக் கொண்டு, வயிற்றுப்போக்கு நோயாளரிடமிருந்து பெற்ற ஈ.கோலி என்னும் குடற்கிருமியின் சில வகைகளும் அவ்வாறே நீரைப் பெருக்குவதை அவரும் உடனுழைத்தாரும் காட்டினர். குழந்தைகளையும் வழிப்போக்கரையும் வருத்தும் வயிற்றுப்போக்குப் பற்றிய பிற்கால ஆய்வுக்கு இக்கட்டுரை கால்கோளாயிற்று.

பின்னர் வந்தது 1959ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழிற் கட்டுரை. இரண்டு பக்க எல்லைக்குள் அடங்கிவிட்ட அக்கட்டுரையைத் தே தனித்தே எழுதினார். கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றும் இல்லாத அவ்வடிநீரை மட்டும் முயற்குடலிற் செலுத்தினார். குடல் முன்போலவே புடைத்தது. ஆகவே நஞ்சு கிருமியின் சிதைவிலிருந்து பிறப்பதன்று. உயிருள்ள கிருமி வெளியே உமிழ்வது என்பது புலனாயிற்று. கோக்கின் ஊகத்திற்கு 75 ஆண்டுகளுக்குப் பின் சான்று கிடைத்தது.

எழுத்து என்ற முறையிற் பார்த்தால், இக்கட்டுரைகளில் அழகென்று சொல்லத்தக்கது சொற்சுருக்கமே. முடிவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு அடங்கிய குரலில் அது சொல்லப்படுகிறது. தலைப்புகூட வடிநீரின் இயல்பைக் குறிப்பதோடு நின்றுவிடுகிறது. நெடுங்காலப் புதிர் அவிழ்ந்ததென்று முழங்கவில்லை. இவ்வடக்கம் ஒரு குறையாகவும் ஆயிற்று எனலாம். கட்டுரை வெளிவந்த சில ஆண்டுகள் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. பெரிய ஆய்வு நிலையங்களில் இருப்போர் சொல் விரைந்து பரவுவதையும், பெயரறியாதார் சொல் பின்தங்குவதையும் சமூகவியலறிஞர் மெர்ட்டன் 1968இல் விளக்கிக் காட்டினார். கல்கத்தாப் பேராசிரியர் இரண்டாம் வகையினர்.

ஈண்டு இன்னொன்றையும் மறைத்தலாகாது. தேயைப் போற்றுவோர் சிலர், காலரா நஞ்சு பற்றிய அறிவு முழுதும் அவர் ஒருவராலேயே விளைந்ததுபோல் எழுதுவர். அஃது உண்மையன்று. அதே 1959இல் பம்பாயில் தத்தாவும் அவர் குழுவினரும் முயற்குட்டிகளைக் கொண்டு ஒத்த முடிவை நெருங்கினர். குடலைக் கட்டிச் சோதிக்கும் முறையையும் வியோல், கிரெண்டிரோபுலோ என்னும் இருவர் 1915இலேயே கையாண்டிருந்தனர். தே பிறந்த அதே ஆண்டு அது. அந்நஞ்சினைத் தூய நிலையிற் பிரித்தெடுத்த பெருமை 1969இல் அமெரிக்காவின் பிங்கெல்ஸ்டைன், லோஸ்பல்லுட்டோ ஆகியோரைச் சேர்ந்தது. தே அதனைப் பிரித்தெடுக்க முயன்றும், வேண்டிய வசதியின்மையால் முடியவில்லை. இத்தனையையும் கழித்த பின்னரும் எஞ்சி நிற்பது சிறிதன்று. மறந்துபோன முறையை உயிர்ப்பித்து, அதனாற் சரியான வினாவை எழுப்பி, ஐயத்திற்கு இடமின்றி விடை கண்டவர் அவரே.

1961இல் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவிலிருந்து காலராவின் ஏழாம் பெரும்பரவல் புறப்பட்டது. மலாயாக் கரையும் சிங்கப்பூரும் அதற்குத் தப்பவில்லை. மேலைநாடுகளின் நிதியும் கவனமும் இந்நோயின்பால் திரும்பின. அப்போதுதான் தேயின் கட்டுரைகளைத் தேடிப் படித்தனர், மேற்கோள்கள் பெருகின. ஓர் இதழின் தாக்கத்தைக் கணிக்கும் வழக்கமான முறை, முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோளை மட்டுமே எண்ணுவது. 1959ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 1969இற் கிடைத்த மேற்கோள் அக்கணக்கின் எந்த வரியிலும் ஏறாது. ஹிர்ஷின் எண்ணும் இவருக்கு நீதி வழங்காது. எழுதிய கட்டுரைகளின் தொகையை அந்த எண் ஒருநாளும் விஞ்சாதாகையால், குறைவாக எழுதியவர் எத்துணை ஆழமாக எழுதினும் தாழ்வாகவே தோன்றுவார். மூன்றே கட்டுரைகளால் ஒரு துறையையே திருப்பியவரின் எண் மூன்று. முப்பது நடுத்தரக் கட்டுரைகளை எழுதி நண்பர் குழாத்தில் ஒருவரையொருவர் எடுத்தாண்டவரின் எண் முப்பதாகவும் இருக்கலாம். தேர்வுத்தாளை அதன் பக்கத் தொகையைப் பார்த்து மதிப்பிடும் ஆசிரியரை எந்தப் பள்ளியும் பொறுத்துக்கொள்ளாது.

மிகுந்த மேற்கோள் பெற்றவையெல்லாம் மிகச் சிறந்தவை என்பதற்கும் ஆதாரமில்லை. ஆலிவர் லோரி 1951இல் புரதத்தை அளக்கும் முறைபற்றி எழுதிய கட்டுரைக்கு 2014இன் கணக்குப்படி 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன. அறிவியல் வரலாற்றிலேயே அதனை விஞ்சியது அன்று வேறில்லை. அதைப் பெருங்கட்டுரை என்று சொல்ல முடியாதென லோரியே ஒப்புக்கொண்டார். மாறாக, 1998இல் 'லான்செட்' இதழ் 12 குழந்தைகளைப் பற்றி வெளியிட்டு, தடுப்பூசியின்மேல் ஐயத்தைக் கிளப்பிவிட்ட கட்டுரையும் பல நூறு முறை எடுத்தாளப்பட்டதே. அது 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதனைக் குறிப்பிட்டவருட் பெரும்பாலோர் மறுப்பதற்காகவே குறிப்பிட்டனர். எண்ணுகின்ற கருவிக்குப் பாராட்டும் கண்டனமும் ஒன்றே.

எண்ணத் தவறுவனவும் உள. முன்னோர் கருத்தைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் 'என்ப' என்ற ஒரு சொல்லில் அதனை அடக்கிவிடும். கூறியவர் யாரெனச் சொல்லாது. ஒரு கருத்து எல்லார்க்கும் பொதுவாகிவிட்டால் அதன் முதல்வர் பெயர் உதிர்ந்துபோவது இயல்பு. குடலைக் கட்டிச் சோதிக்கும் முறையும் நாளடைவில் ஆய்வுக் கூடங்களின் அன்றாட வழக்கமாயிற்று. அதனைக் கையாண்டோர் யாவரும் தேயின் பெயரைக் குறித்தாரல்லர். ஆய்வுக் கூடத்துக்கு வெளியே செல்வோமாயின், எண்ணிக்கை முற்றிலும் கைவிரித்துவிடுகிறது. 1971இல் வங்கதேசத்திலிருந்து அகதிகளாய் வந்தோர் தங்கிய பன்காவ் நகரில், மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழிக் கொடுத்துக் காலரா நோயாளர் பலரைக் காத்தார். 1973இல் அவ்வனுபவம் ஓர் ஆய்விதழிற் கட்டுரையாய் வந்தது. அக்கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்று கணக்கிட முடியும்; அந்நீரைக் குழந்தைக்குக் கலந்து கொடுத்த தாய்மாரை எவ்வாறு கணக்கிடுவது?

இவ்வளவும் சொன்ன பின், மேற்கோள் அடைவின்பால் ஒரு நன்றியுணர்வும் வேண்டியிருக்கிறது. தேக்குத் தம் நாட்டில் வாழ்நாளில் எந்தப் பெரும்பரிசும் கிட்டவில்லை. இந்திய அறிவியற் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. அவற்றின் தலைவர்கள் மேற்கோள் எண்ணிக்கையை நம்பிக் கெட்டவரும் அல்லர். அன்று அவர்கள் எண்ணவுமில்லை, படிக்கவுமில்லை என்பதே பொருந்தும். 1978இல் நோபல் அறக்கட்டளையின் காலராக் கருத்தரங்கிற்கு அவர் அழைக்கப்பட்டார். 1960களின் தொடக்கத்திலேயே இறந்துபோன தம்மை இக்கருத்தரங்கினர் தோண்டி எடுத்து உயிர்ப்பித்திருக்கிறார்கள் என்ற பொருள்பட அங்கே அவர் பேசினார். நோபல் பரிசு பெற்றவரான ஜோசுவா லெடர்பெர்க் ஒருமுறைக்கு மேல் அவர் பெயரைப் பரிசுக்கு முன்மொழிந்தும் பயனில்லை. 1985 ஏப்ரலில் தே மறைந்தார். மறு ஆண்டு, காலரா ஆய்வின் வளர்ச்சியை மேற்கோள்களின் வழியே படமாக வரைந்து, அதில் தேயின் இடம் எத்துணைப் பெரிது என்பதை உலகறியக் காட்டியவர் வேறெவருமல்லர். அவ்வடைவைத் தோற்றுவித்த கார்ஃபீல்டே. பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் 1990இல் அவருக்கெனச் சிறப்பிதழொன்றை வெளியிட்டது; லெடர்பெர்க்கும் அதில் எழுதினார்.