இலட்சம் தாண்டிய கார்

“மாமா, லட்சம் கிலோமீட்டர் தாண்டின வண்டியெல்லாம் ஸ்ரீலங்காவிலதான் வாங்குவாங்க.” பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் தங்கச்சியின் மருமகன் பகிடிக்குச் சொன்னதுதான். ஆனாலும் சுருக்கென்றது. பேச்சு 2015ஆம் ஆண்டு இன்னோவா ஒன்றைப் பற்றி: டீசல், ஒரே ஓனர், ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஓடியது.

வாங்குவோம்தான். வாங்கத் தெரிந்தவர்கள் நாங்கள். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டோம். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் புகை கக்கியபடி ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் போய்வந்தன. அப்போதே அவற்றுக்கு முப்பது, நாற்பது வயது. எத்தனை மைல் ஓடியது என்று ஆர் கேட்டது? பல கார்களில் மீற்றரே வேலை செய்யாது. எந்தக் கராஜில் நின்றது, எந்த மெக்கானிக்கின் கை பட்டது, இதைத்தான் விசாரித்தோம். ஜப்பானில் பாவித்த விற்ஸும் வாகன்ஆரும் வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கப்பலில் வந்த காரின் மீற்றரை எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளையும் நம்பாது. ஏலத் தாளைக் கேட்போம், இலக்கத் தகட்டின் எழுத்தைப் பார்த்துப் பதிந்த காலத்தைக் கணிப்போம். சாமான் இல்லையென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தை இருக்கிறது. பெங்களூரில் ஜே.சி. ரோடு அப்படியாம்; சிவாஜிநகரில் பழைய சாமானும் கிடைக்குமாம். நான் இரண்டையும் காரின் பின் சீட்டிலிருந்து பார்த்தேன். பஞ்சிகாவத்தைக்குக் கிட்ட வராது.

விலையில்தான் இரண்டு நாடும் எதிரெதிர்த் திசை. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் கணக்கே நாலு வருடம் தாண்டிய காரைப் பாதி விலைக்கு இறக்கிவிடும். எங்களிடம் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடையில் பலர் வாங்கிய விலைக்கு மேலேயே விற்றார்கள். காரைத் தங்கம் மாதிரிப் பூட்டி வைத்தோம். வரியும் தட்டுப்பாடும் சேர்ந்து செய்த வேலை என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும், பராமரிக்கத் தெரியாதவனிடம் தட்டுப்பாடு என்ன செய்யும்?

பெங்களூர்க்காரர் மீற்றருக்குப் பயப்படுவதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்த ஊரின் மீற்றர் உண்மை பேசினாலும் பாதிதான் பேசும். சில்க் போர்ட் சந்தியில் கார் நிற்கும், மீற்றர் அசையாது, எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். நகரத்துக்குள் நாற்பதாயிரம் ஊர்ந்த காரின் கிளச், மைசூர் ரோட்டில் ஒரே கியரில் ஓடிய இலட்சத்தைவிடக் களைத்திருக்கலாம். இத்தனைக்கும் இன்னோவா அந்த மைசூர் ரோட்டுப் பிடதியில் பிறந்த கார். 2000இல் குவாலிஸும் 2005இல் இன்னோவாவும் அங்கிருந்துதான் வந்தன. வாடகை வண்டியாக மஞ்சள் போர்டு மாட்டி நாலைந்து இலட்சம் ஓடிய இன்னோவாவில் ஏர்போர்ட் போய்வருகிறவர்கள், வெள்ளை போர்டில் ஒன்றரை இலட்சத்துக்கு முகம் சுளிக்கிறார்கள்.

அந்த 2015 இன்னோவாவைப் போய்ப் பார்த்தோம். பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன, ஸ்ரியரிங் மினுங்கியது. மீற்றர் சொன்ன கணக்குக்கு அது பொருந்தியது. நாற்பதாயிரம் காட்டும் காரில் இந்த ரப்பரைக் கண்டால்தான் விலகிப்போக வேண்டும். எண்ணெய் மூடியைக் கழற்றினேன். உள்ளே வெளிறிய குழம்பு இல்லை. ரைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேட்டேன். இல்லை. அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொன்னேன்.

மருமகன் இதற்குள் போனைத் தட்டி, வண்டி எண்ணைக் கொடுத்து, பதிந்த திகதி, கடன், இன்ஷூரன்ஸ் எல்லாம் எடுத்துவிட்டார். கம்பனி சர்வீஸில் எந்தத் திகதியில் எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கும் வந்தது. வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். 15 வருடம் முடிந்தால் சோதனைக்குக் காட்டி, 5,000 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாமாம். எங்களிடம் வருடாவருடம் புகைச் சோதனையும் வரிப்பத்திரமும் இருந்தால் போதும். தாத்தாவின் காரைப் பேரன் ஓட்டலாம்.

ஓசூரில் இதே கார் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் என்றார், ஆனால் தமிழ்நாட்டுப் பதிவு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகத்தில் மறுபடி பதிந்து ஆயுள் வரி கட்ட வேண்டும். அவர் தயங்கியது வரிக்கு மட்டுமல்ல. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பெங்களூரில் எரிந்தவை தமிழ்நாட்டு எண் கொண்ட பஸ்களும் லொறிகளும். இதை எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1957இல் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தபோது எங்கள் ஆட்கள் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். அடுத்த வருடம் கலவரம். இந்த விஷயத்தில் மட்டும் நானும் மருமகனும் வாதாடவில்லை. கர்நாடகத்தின் கேஏ எண்ணே எடுங்கள் என்றேன்.

இன்னோவாவை எடுப்பாரா என்று தெரியவில்லை. முப்பதாயிரம் ஓடிய சின்னக் கார் ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறார். நானென்றால் அன்றைக்கே முற்பணம் கொடுத்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றியிருப்பேன். ஆனால் இவ்வளவு வயதான காரை இறக்க எங்கள் சட்டம் விடாது.