படுகளமும் பல்கலைக்கழக மேடையும்

கடத்தூரிலிருந்து ஒரு மாணவன் தஞ்சாவூருக்கோ புதுச்சேரிக்கோ நாடகம் படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். மேடை அமைப்புப் பாடத்தில் அவனுக்கு அளவுத்தாளும் அட்டையும் தரப்படும். ஆனால் தருமபுரிச் சீமையில், திரௌபதி அம்மன் திருவிழாவில், ஒரு அரங்க அமைப்பு தரையில் கிடப்பதை அவன் முன்பே பார்த்திருக்கக்கூடும். துரியோதனன் படுகளம்.

மண்ணால் ஆன ராக்ஷச உருவம் மல்லாந்து கிடக்கிறது. வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிப் போரிடுகிறார்கள். தொடை பிளக்கிறது. அங்குள்ள சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். பிறகு அந்த மண்ணை ஜனங்கள் பிடி பிடியாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். குருக்ஷேத்திரம் எப்படி இருந்தது என்று இந்த உருவம் காட்டுவதில்லை. இடம், பாத்திரம், நிகழ்ச்சி மூன்றும் ஒரே மண்.

பார்ஸி நாடகத்திடமிருந்து நம் கம்பெனிகள் கற்றது வேறு. அரண்மனைக்கு ஒரு படுதா, காட்டுக்கு ஒரு படுதா. ஆர். எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வர'னில் தந்திரக் காட்சிக்கே கைதட்டல். பல்கலைக்கழக மேடை இதை நிராகரித்தது நியாயம். ஆனால் படுதாவை இறக்கிய இடத்தில் முறத்தையும் ஓலைப்பாயையும் தொங்கவிட்டால் என்ன மாறிவிட்டது? அரண்மனைப் படுதா போய்க் கிராமப் படுதா வந்திருக்கிறது.

வேறு வழிக்கு உதாரணங்கள் உண்டு. 1963இல் அல்காஸி 'அந்தா யுக்'கை டில்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில் நிகழ்த்தினார். பாரதப் போரின் அழிவைச் சொல்லும் நாடகத்துக்கு அங்கே அட்டையில் இடிபாடு செய்ய வேண்டியிருக்கவில்லை. அவரிடம் பயின்ற சே. ராமானுஜம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், யூரிபிடிஸின் ட்ராய் நாட்டுப் பெண்களைத் தழுவிய 'வெறியாட்ட'த்தில் ஒப்பாரியை நாடகத்தின் முதுகெலும்பாக்கினார். ஒப்பாரியை எடுத்துவிட்டால் அந்த நாடகம் நிற்காது.

குரலுக்கு நேர்ந்த இது இடத்துக்கும் நேர வேண்டும். படுகளத்து உருவத்தை அப்படியே மேடைக்குத் தூக்கி வருவது தீர்வாகாது. அங்கே மண்ணை எடுத்துப் போக யாரும் இல்லை. அது வெறும் காட்சிப் பொருளாகிவிடும். எடுத்து வரவேண்டியது அந்த உருவத்தின் அவசியத்தை. மேடையில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து மாணவன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது இல்லாவிட்டால் நடிகன் எதைச் செய்யமுடியாமல் போவான்? பதில் இல்லையென்றால் அதை வெளியே எடுத்துவிடலாம். மேடை காலியாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். நடிகன் இருப்பான்.