சாவா மூவாப் பிணையம்

வங்கிக் கடனுக்காக வழக்கறிஞர்கள் எழுதும் தாள்களில் மிக ஒல்லியானது பத்திர ஒப்படைப்புக் குறிப்பு. இரண்டு பக்கம், மிஞ்சினால் மூன்று. கடன் ஒப்பந்தம் நூறு பக்கம் ஓடட்டும். என் கண் தேடிப் போவது இந்தச் சிறிய தாளைத்தான். ராயபுரத்துச் சந்தில் வீட்டை வைத்துத் தொழிற்கடன் வாங்குபவரும் சரி, எண்ணூர் நெடுஞ்சாலையில் பட்டறையை விரிவாக்குபவரும் சரி, மூலப் பத்திரங்களை வங்கியில் வைத்துக் கடன் பெற்றால் இதில் கையெழுத்திடாமல் போக முடியாது.

அதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஒப்படைப்பைச் சொல்லும் வினைமுற்றுகள் எல்லாம் இறந்தகாலத்தில் இருக்கும். 'இதன் மூலம் ஒப்படைக்கிறேன்' என்று ஓரிடத்திலும் வராது. நேற்று இன்ன கிளைக்கு நேரில் வந்தேன், கீழ்க்கண்ட அசல் பத்திரங்களைக் கடனுக்குப் பிணையாக இருக்கட்டும் என்ற எண்ணத்தோடு கொடுத்தேன், அதை இன்று எழுத்தில் உறுதி செய்கிறேன் என்றுதான் அது பேசும். ஒரு கை கொடுத்து மறு கை வாங்கிய அந்த நொடியிலேயே அடமானம் பிறந்துவிட்டது. தாள் வெறும் சாட்சி. தாளே அடமானத்தை உண்டாக்குவதாக எழுதிவிட்டால் அது வேறு ஆவணமாகிவிடும். பதிவு செய்யாவிட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. பல கோடி ரூபாயின் பாரத்தை ஒரு வினைச்சொல்லின் காலம் தாங்கி நிற்கும் நேர்த்தியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 2012-இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தக் குறிப்பையும் பதிவு செய்தாக வேண்டும். ஆனாலும் நல்ல வழக்கறிஞரின் கை அந்த இறந்தகாலத்தைக் கைவிடவில்லை.

இந்த வகை அடமானம் துறைமுகங்களின் குழந்தை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் எல்லா ஊருக்கும் இதை அனுமதிக்கவில்லை. பழைய வாசகத்தில் கல்கத்தா, மதராஸ், பம்பாயோடு கராச்சியும் ரங்கூனும் நின்றன. எல்லாம் கப்பல் வந்து நிற்கும் ஊர்கள். சரக்கு கரையேறும் வேகத்துக்குப் பணம் புரள வேண்டிய ஊர்கள். இன்றும் 58-ஆம் பிரிவு மூன்று மாநகரங்களைப் பெயர் சொல்லி அழைத்து, மற்ற ஊர்களை மாநில அரசின் அறிவிக்கைக்கு விடுகிறது. இதில் இன்னொரு நுட்பம்: நிலம் எங்கே கிடந்தாலும் பரவாயில்லை, பத்திரம் கைமாறும் இடம்தான் அந்த நகருக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் தொலைதூரத்து நிலங்களின் பத்திரக் கட்டுகள் ராஜாஜி சாலை வங்கிகளின் மேசைக்குப் பயணப்பட்டு வந்தன.

குறிப்பின் கடைசியில் சொத்து விவரம். அவசரக்காரர்கள் புரட்டிவிட்டுப் போகும் பகுதி. அங்கே நில்லுங்கள். பழைய சர்வே எண், நகர அளவை எண், பழைய கதவிலக்கம், புதிய கதவிலக்கம், பிறகு நான்கெல்லை. முப்பது ஆண்டுப் பத்திரங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் வடக்கெல்லைக்காரரின் பெயர் மாறும், ஓட்டு வீடு அடுக்ககமாகும், சந்து தெருவாகும்; நடுவிலிருக்கும் மனை மட்டும் அசையாது. அது அசையவில்லை என்பதை ஒரே வாக்கியத்தில் நிறுவிக் காட்டுவதுதான் சட்டக் கருத்து எழுதுபவரின் கலை.

நிலம் அசையாது. சரக்கு? திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகளின் கிடங்கில் காலையில் இருந்த இரும்புத் தகடு மாலையில் இருக்காது. அது உதிரி பாகமாகி, விலையாகி, வேறு தகடாகத் திரும்பி வரும். இப்படி ஓடிக்கொண்டே இருப்பதைப் பிணையாகப் பிடிப்பது எப்படி? 1870-இல் ஒரு தபால் கப்பல் நிறுவனத்தின் வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விடை மிதக்கும் பொறுப்பு. தனித்தனிப் பொருளைப் பிடிக்காதே, மந்தையைப் பிடி. தொழில் நடக்கும்வரை விற்கட்டும், வாங்கட்டும். கடன் முறிந்தால் அந்தக் கணத்தில் இருப்பதன் மேல் உரிமை இறுகும். இன்றைய ஒப்பந்தங்களில் 'இப்போது உள்ளதும் இனி வருவதுமான' என்று தொடங்கும் அந்த வரியில் எவ்வளவு பொறுமை!

மந்தை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். அதே எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைந்து கிடக்கின்றன. கோயிலுக்கு வந்த பொன்னை ஊர்ச் சபையார் வாங்கிக்கொண்டு, முதல் அழியாமல் பொலிசையை, அதாவது வட்டியை மட்டும் விளக்குக்கு அளந்தார்கள். பொன்னுக்குப் பதில் ஆடு கொடுத்தபோது சோழர் காலக் கல்வெட்டுகள் வழங்கிய தொடர் 'சாவா மூவாப் பேராடு'. அணையாமல் எரியும் நந்தா விளக்கொன்றுக்கு 90 அல்லது 96 ஆடு. அதற்கு நாள்தோறும் உழக்கு நெய். ஆடு சாகும், மூப்படையும். குட்டி அதன் இடத்தை நிரப்பும். எண்ணிக்கைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. இதைவிட அழகாக இந்தப் பிணையத்தை எவராவது வரைந்திருப்பார்களா? வழக்கறிஞர்கள் நாங்கள் பத்துப் பக்கத்தில் வளைத்து வளைத்துச் சொல்வதைக் கல்தச்சர் மூன்று சொல்லில் வெட்டிவிட்டார். கல்லில் ஒவ்வோர் எழுத்துக்கும் உழைப்பு வேண்டும். சுருக்கத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்வெட்டில் தவணையும் தெளிவாக இருக்கிறது: நாள்தோறும், உழக்கு. காலவரம்பு: சந்திரன், சூரியன் உள்ளவரை. மீறலைக் கண்காணிப்பவர் யார் என்பதையும் விடவில்லை. பன்மாகேசுவரர் எனும் சிவனடியார்களின் காப்பில் விட்டு முடிக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆடுகளை ஏற்ற இடையரின் பெயருக்குப் பின்னால் அவர் தம்பி, உறவினர் என்று வரிசையாகப் பொறித்து வைத்தார்கள். ஒருவர் தவறினால் மற்றவர் அளக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் கோப்புகளில் கடனாளிக்குக் கீழே ஜாமீன்தாரர்கள் கையெழுத்திடும் இடமும் அதுவேதான்.